"கொஞ்சம் சதை போட்டிருக்கே": காதல், கல்யாணம், பெண்ணின் சாப்பாட்டுத் தட்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவுக் கோளாறு என்று சொன்னால் நம் ஊரில் முதலில் வருவது சிரிப்புதான். "சோறு வேண்டாம்னு அடம்பிடிக்கிறது ஒரு வியாதியா?" என்பார்கள். சிரித்தவர்களே பிறகு தனியாக வந்து மெல்லிய குரலில் கேட்கிற கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். அந்தக் கேள்விகளில் அடிக்கடி ஓர் ஆள் நடுவில் நிற்பார். காதலர், பார்த்து வைத்த மாப்பிள்ளை, கணவர், விட்டுப் போனவர், இப்படி யாராவது ஒருவர். அவரைப் பற்றியதுதான் இந்தப் பக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை கிலோ, எத்தனை கலோரி என்ற கணக்கு எதுவும் இங்கே கிடையாது. இந்த நோய் உள்ளவர்கள் அந்த எண்களைப் போட்டிக்கு வைத்த இலக்காக எடுத்துக்கொள்வார்கள்.

"விளையாட்டா ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்காக ஒருத்திக்கு நோயே வந்துடுமா?"

உலகமே பார்த்த ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். 1981 பிப்ரவரி 24 அன்று இளவரசர் சார்லஸுக்கும் டயானாவுக்கும் நிச்சயமானது. அப்போது டயானாவுக்கு வயது 19. நிச்சயமான அடுத்த வாரமே தனக்குப் புலிமியா (அளவு மீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் உணவுக் கோளாறு) தொடங்கியது என்று பத்தாண்டு கழித்து அவரே ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்தார். சார்லஸ் இடுப்பில் கை வைத்து, இங்கே கொஞ்சம் சதை இருக்கிறதே என்ற பொருளில் ஏதோ சொன்னாராம். அந்தச் சொல்லும், அவர் மனதில் வேறொருத்தி இருக்கிறாள் என்ற சந்தேகமும் சேர்ந்து உள்ளே எதையோ கிளப்பிவிட்டதாக டயானா சொல்கிறார். ஜூலை 29 கல்யாணத்துக்குள் அவருடைய இடுப்பளவு 5 அங்குலத்துக்கும் மேல் இறங்கிவிட்டது. கல்யாண உடைக்கு முதலில் எடுத்த அளவும் கடைசியில் எடுத்த அளவும் இரண்டு வேறு பெண்களுடையவை போல இருந்தன.

அப்படியானால் அந்த ஒரு சொல்தான் காரணமா? இல்லை. டயானா சிறுமியாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அரண்மனையில் அவருக்குப் பேச்சுத் துணை இல்லை. கேமராக்கள் விடாமல் துரத்தின. இந்த நோயில் பரம்பரைக்கும் கணிசமான பங்கு உண்டு என்பதை இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதே சொல்லைக் கேட்டுவிட்டு "உங்க தொப்பையைப் பாருங்க முதல்ல" என்று சிரித்துக்கொண்டு போகிற பெண்களும் இருக்கிறார்கள். வைக்கோல்போர் ஏற்கெனவே காய்ந்து கிடந்தது, தீக்குச்சி வந்து விழுந்தது. குச்சியைக் கிழித்தவர் "நான் விளையாட்டுக்குத்தான் கிழித்தேன்" என்று சொல்வதில் பொய் இல்லாமல் இருக்கலாம். ஆனால் எந்தப் போர் காய்ந்திருக்கிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. அதனால் மனைவியின் உடம்பை வைத்து விளையாட வேண்டாம் என்பதே என் கட்சி.

1995 நவம்பரில் பிபிசி பேட்டியில் டயானா இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். தன் கல்யாண வாழ்க்கையில் நடந்துகொண்டிருந்தவற்றின் அறிகுறியே இந்த நோய் என்றார். அவர் நோய் ஊருக்குத் தெரியவந்த அந்த ஆண்டுகளில், பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களிடம் புலிமியா என்று பதிவான பெண்களின் எண்ணிக்கை ஏறி, 1996க்குப் பிறகு இறங்கியது. புதிதாக அத்தனை பேருக்கும் நோய் வந்தது என்பதைவிட, ஒளித்து வைத்திருந்தவர்கள் வாய் திறந்தார்கள் என்று சொல்வதே பொருத்தமாக இருக்கும்.

"டயட் இருந்தாலே உணவுக் கோளாறா? எது எதைச் சொல்றீங்க?"

டயட் இருப்பவரெல்லாம் நோயாளி அல்ல. மருத்துவர்கள் முக்கியமாக மூன்று வகை சொல்வார்கள். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உடம்புக்குத் தேவையானதைக்கூடச் சாப்பிடாமல் அபாயமான அளவுக்கு மெலிவது அனோரெக்ஸியா. கட்டுப்பாடில்லாமல் ஒரே மூச்சில் ஏராளமாகச் சாப்பிட்டுவிட்டு, அதை ஈடுகட்ட வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, மறுநாள் முழுப் பட்டினி கிடப்பது புலிமியா. இதை 1979இல் லண்டன் மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் தனி நோயாக விவரித்தார். ஈடுகட்டல் எதுவும் இல்லாமல் அந்த அளவு மீறிய சாப்பாடும் அதன் பின் வரும் குற்ற உணர்வும் மட்டும் இருந்தால் அது பிஞ்ச் ஈட்டிங். இது 2013இல்தான் அமெரிக்க மனநலக் கையேட்டில் தனிப் பெயரோடு இடம்பெற்றது.

புலிமியாவும் பிஞ்ச் ஈட்டிங்கும் உள்ள பெரும்பாலோர் பார்க்க ஒல்லியாக இருக்க மாட்டார்கள். ஆளைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் "அவ நல்லாத்தானே இருக்கா" என்பது மட்டும் நிற்காது.

"ஆம்பளைங்களுக்கு ஒல்லியான பொண்ணைத்தானே பிடிக்குது?"

1985இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஏப்ரல் ஃபாலன், பால் ரோஸின் என்ற இருவர் ஓர் எளிய சோதனை செய்தார்கள். மிக ஒல்லியிலிருந்து மிகப் பருமன் வரை 9 உருவப் படங்களை மாணவ மாணவிகளிடம் கொடுத்தார்கள். நீ இப்போது எப்படி இருக்கிறாய், எப்படி இருக்க ஆசைப்படுகிறாய், எதிர்ப்பாலுக்கு எது பிடிக்கும் என்று நினைக்கிறாய் என்று கேட்டார்கள். ஆண்களின் மூன்று பதில்களும் ஏறக்குறைய ஒரே உருவத்தின் மேல் விழுந்தன. பெண்களின் பதில்கள் சிதறின. தாங்கள் இருப்பதைவிட ஒல்லியான உருவம் ஆண்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தார்கள். தாங்கள் ஆக ஆசைப்பட்டது அதைவிடவும் ஒல்லி. ஆண்களோ, பெண்கள் நினைத்ததைவிடச் சதைப்பற்றான உருவத்தைத்தான் விரும்புவதாகக் காட்டினார்கள்.

அமெரிக்க மாணவர்களிடம், நாற்பது ஆண்டுக்கு முன் கேட்டது. அப்படியே தூக்கிவந்து மதுரையில் வைத்துவிட முடியாது. ஆனால் அது சொல்வது இங்கேயும் பழகிய விஷயம். பெண் தன் மனதுக்குள் ஒரு ஆணை உட்கார வைத்து, அவன் கண்ணால் தன்னைப் பார்க்கிறாள். நிஜத்தில் எதிரே நிற்பவனைவிட அந்த மனதுக்குள் இருப்பவன் கறாரானவன். அதனால்தான் கணவர் "எனக்கு நீ இப்படியே பிடிக்கும்" என்று ஆயிரம் தடவை சொன்னாலும் சில பெண்களின் காதில் ஏறுவதில்லை. அவள் வாதாடிக்கொண்டிருப்பது அவரோடு அல்ல.

"பொண்ணு பார்க்கிறதுல இருந்து தாலி கட்டுற வரைக்கும் எதுவும் இறங்கல. இது சகஜம்தானே?"

பதற்றத்தில் நாலு நாள் பசி இல்லாமல் போவது சகஜம். நம் ஊர்க் கல்யாண ஏற்பாட்டில் நடப்பது அதோடு நிற்பதில்லை.

திருமணத் தகவல் தளங்களில் உயரம், நிறத்தோடு உடல்வாகு என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. ஒல்லியா, நடுத்தரமா, பருமனா என்று டிக் போட வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் ஊருக்குப் போய் "சொல்லி அனுப்புறோம்" என்கிறார்கள். பிறகு தரகர் வழியாக ஒரு வார்த்தை வருகிறது: "பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்குன்னு நினைக்கிறாங்க." அந்த வார்த்தையை அம்மா அடுப்படியில் வைத்து மகளிடம் சொல்கிறாள், ராத்திரி சோற்றைக் குறைக்கிறாள். இதே அம்மாதான் பத்து வருடம் முன்பு "இன்னொரு தோசை வெச்சுக்கோடி" என்று துரத்தியவள். உறவு இன்னும் தொடங்கவே இல்லை, ஆளின் முகம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அதற்குள் அவன் வீட்டார் இவள் தட்டுக்குள் கை வைத்துவிட்டார்கள்.

நிச்சயம் முடிந்தால் அடுத்த கட்டம். பிளவுஸுக்கு அளவு கொடுத்தாகிவிட்டது, அந்த அளவுக்குள் இருக்க வேண்டும். அல்லது அளவே ஒரு சுற்று குறைத்துக் கொடுத்துவிட்டு, அதற்கேற்ப உடம்பைக் குறைக்க வேண்டும். உடம்புக்குத் துணி தைப்பது போய்த் துணிக்கு உடம்பு தைக்கிற கதை. வீடியோகாரர், மேக்கப் போடுபவர், ஜிம் பேக்கேஜ் விற்பவர் எல்லாரும் இதில் கூட்டு. "முப்பது நாளில் மணப்பெண்" என்கிற ரகத்துப் பட்டினித் திட்டங்களை விற்பவர்கள்மேல் எனக்கு மரியாதை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடும் பட்டினி கிடந்த உடம்பு வாய்ப்பு கிடைத்ததும் அள்ளித் தின்னச் சொல்லும். தின்றதும் குற்ற உணர்வு, அதற்கு வாந்தி. புலிமியாவின் சக்கரம் பெரும்பாலும் இப்படித்தான் சுழலத் தொடங்குகிறது.

இது புதிதும் அல்ல. 1873இல் பாரிஸ் மருத்துவர் சார்ல் லாசேக் அனோரெக்ஸியாவை முதன்முதலாக விவரித்தவர்களில் ஒருவர். 15 முதல் 20 வயதுப் பெண், மனதைத் தாக்கிய ஏதோ ஒன்றால் சாப்பாட்டை விடுகிறாள் என்று எழுதியவர், அந்த ஏதோ ஒன்று பெரும்பாலும் நிஜமான அல்லது கற்பனையான ஒரு கல்யாணப் பேச்சாக இருக்கிறது என்றும் குறிப்பிட்டார். டிவியும் இன்ஸ்டாகிராமும் இல்லாத காலம் அது.

"கல்யாணம் ஆயிட்டா எல்லாம் சரியாயிடும்னு பெரியவங்க சொல்றாங்களே?"

ஆகாது. அந்தப் பேச்சை நம்பி நோயை மறைத்துக் கட்டிவைத்தால், வாந்தி எடுக்கும் குளியலறை மாறும், அவ்வளவுதான். புது வீட்டில் பூட்டிய கதவுக்குப் பின்னால் இன்னும் சத்தமில்லாமல் எடுக்கப் பழகிக்கொள்வாள்.

நல்ல உறவு காக்கும் என்பதையும் மறுக்கவில்லை. தன்னை ஒருவர் முழுதாக ஏற்றுக்கொண்டார் என்று நம்பும் பெண்ணுக்குக் கண்ணாடிமேல் இருக்கும் பயம் குறையத்தான் செய்கிறது. ஆண்ட்ரியா மெல்ட்ஸர் குழுவினர் அமெரிக்காவில் 169 புதுமணத் தம்பதிகளை 4 ஆண்டு தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வு வேடிக்கையான ஒன்றைச் சொன்னது. கல்யாணத்தில் திருப்தியாக இருந்தவர்களுக்கே எடை கூடியது. "விட்டுட்டு வேற ஆளைத் தேடலாமா" என்ற எண்ணம் ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த அளவு கூடவில்லை. நம் பாட்டிமார் "புது மாப்பிள்ளை பூரிச்சுட்டான்" என்று சொல்வதற்கு ஆய்வு தேவைப்பட்டதில்லை.

அதே குழுவிலிருந்து 2017இல் இன்னொரு முடிவு வந்தது. கணவர் தன்னைவிட அழகானவர் என்ற நிலையில் இருந்த மனைவியருக்கு, டயட் இருந்து மெலிய வேண்டும் என்ற உந்துதல் கூடுதலாக இருந்தது. மனைவி அழகாக இருந்த வீட்டுக் கணவர்களிடம் அப்படி ஒன்றும் தெரியவில்லை. "மாப்பிள்ளை ராஜா மாதிரி இருக்கார், உனக்கு அடிச்சது யோகம்" என்று மண்டபத்தில் பெண்ணிடம் சொல்லும் சித்திகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

"'உன் ஆரோக்கியத்துக்காகத்தான் சொல்றேன்'னு தினமும் சொல்றார். அக்கறையா, அடக்குமுறையா?"

அக்கறை உள்ளவர் தானும் கூட நடக்க வருவார். ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போவார். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது என்றால் மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்பார். நீங்கள் "இதைப் பத்திப் பேச வேண்டாம்" என்றால் நிறுத்துவார்.

அடக்குபவரின் அடையாளங்கள் வேறு. பிறர் முன்னால் கேலி செய்வார். "எருமை", "டிரம்" என்று பட்டப்பெயர் வைப்பார். நீங்கள் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டால் கண் உயரும். வாராவாரம் எடை பார்த்து அவரிடம் காட்ட வேண்டும். மாமியார் கேட்டால் "நான் எவ்வளவோ சொல்லிட்டேன்" என்று சலித்துக்கொள்வார். சாப்பாட்டுக்குக் காசை எண்ணிக் கொடுப்பார். இளைத்துவிட்டாலோ "யாருக்காக இளைச்ச?" என்று கேட்பார். கடைசிக் கேள்வியைக் கேட்கிறவரிடம் ஆரோக்கியம் என்ற பேச்சே ஒரு முகமூடி.

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் அடி உதையை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. அவமதிப்பது, கேலி செய்வது, இழிவுபடுத்துவது, பட்டப்பெயர் சொல்வது எல்லாமே வாய்மொழி மற்றும் மனரீதியான வன்முறை என்று அதில் எழுதியிருக்கிறது. தாலி கட்டாமல் கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் அது பொருந்தும். பெண்களுக்கான உதவி எண் 181. வழக்குப் போட்டே ஆக வேண்டும் என்பதில்லை, முதலில் பேசிப் பார்க்கலாம்.

"காதல் முறிஞ்சதுல இருந்து சாப்பிட முடியல, ஆள் பாதியாயிட்டேன். எல்லாரும் 'இப்பதான் சூப்பரா இருக்க'ங்கிறாங்க."

பிரிவில் மெலிவது நமக்குப் பழைய கதை. சங்கப் பாட்டில் தலைவன் பிரிந்தால் தலைவியின் வளை கழன்று விழும், உடம்பில் பசலை படரும். திருக்குறளில் 'உறுப்புநலன் அழிதல்' என்று ஒரு முழு அதிகாரமே உண்டு. ஆனால் அங்கே வளை கழன்றால் தோழிக்குப் பதைக்கும், ஊர் அலர் தூற்றும். இன்று தோழியே "டிப்ஸ் சொல்லுடி" என்கிறாள்.

துக்கத்தில் பசி போவதும் இந்த நோயும் ஒன்றல்ல. துக்கத்தில் போன பசி மெல்லத் திரும்பும். திரும்பி வருகிற பசியைக் கண்டு பயம் வந்தால் கவனியுங்கள். தட்டைப் பார்த்ததும் "இதையாவது என் கைக்குள்ள வெச்சிருக்கேன்" என்று ஒரு வெற்றிக் களிப்பு வந்தாலும் கவனியுங்கள். விட்டுப் போனவர் ஒருநாள் எதிரே வந்து, இளைத்த உங்களைப் பார்த்து ஏங்க வேண்டும் என்று மனதில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப ஓடினால் அதையும்தான். அந்தக் காட்சி சினிமாவில் நன்றாக இருக்கும். நிஜத்தில் அந்த ஆள் எதிரே வருவதற்குள் மாதவிடாய் நின்றிருக்கும், முடி கொத்தாகக் கொட்டியிருக்கும்.

"அவர் தொட்டாலே எனக்கு எரிச்சலா இருக்கு. அவர்மேல ஆசை போயிடுச்சா?"

ஆசை போயிருக்கலாம். அல்லது பசி அதைத் தின்றிருக்கலாம்.

இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944–45இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். எல்லோரும் தாங்களாக முன்வந்தவர்கள், உடலாலும் மனதாலும் திடமானவர்கள். 24 வாரம் அவர்களுக்கு அரைப் பட்டினி. கொஞ்ச நாளில் வேறு எதிலும் நாட்டம் இல்லாமல் சாப்பாட்டைப் பற்றியே பேச ஆரம்பித்தார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். ஒரு வாய்ச் சோற்றை மணிக்கணக்காகக் கிளறிக்கொண்டிருந்தார்கள். எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கினார்கள். காதலிமேலும் பெண்கள்மேலும் இருந்த நாட்டம் வற்றிப்போனது. அவர்களில் யாருக்கும் முன்பு உணவுக் கோளாறு கிடையாது. பட்டினியே அத்தனையையும் செய்தது.

ஆகவே "என் மனைவி முன்ன மாதிரி இல்ல, மரக்கட்டை மாதிரி இருக்கா" என்று சொல்கிற கணவர் முதலில் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று பார்க்க வேண்டும்.

பட்டினி இல்லாத பெண்களுக்கும் நெருக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. விளக்கை அணை, போர்வையை இழு, இந்தப் பக்கம் திரும்பினால் வயிறு தெரியும் என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கும். படுக்கையில் இரண்டு பேர், மேலே கூரையில் மூன்றாவது ஆளாக அவளே தன்னை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருப்பாள். தன் உடம்பை உள்ளிருந்து உணராமல், பிறர் பார்க்கும் பொருளாகவே எப்போதும் கண்காணிப்பது என்று பார்பரா ஃபிரெட்ரிக்ஸன், டோமி ஆன் ராபர்ட்ஸ் இருவரும் 1997இல் எழுதியது இதைத்தான். அந்தப் பழக்கத்திலிருந்தே வெட்கமும், பதற்றமும், உணவுக் கோளாறும் கிளைக்கின்றன என்பது அவர்கள் வாதம்.

"பிள்ளை பெத்த பிறகு?"

வயிறு சுருங்கப் பல மாதம் ஆகும், சிலருக்குப் பழையபடி ஆகாது. அதுதான் உடம்பின் இயல்பு. முன்பு புலிமியாவோ அனோரெக்ஸியாவோ இருந்தவர்களுக்கு இந்தக் காலம் ஆபத்தானது. கர்ப்பத்தில் அடங்கியிருந்த நோய் பிரசவத்துக்குப் பின் தலைதூக்கலாம். மகப்பேறு மருத்துவரிடம் பழைய கதையைச் சொல்லிவிடுவது நல்லது. இந்த நோயால் மாதவிடாய் நின்றுபோனவர்கள் "எனக்குத்தான் வரதே இல்லையே" என்று கருத்தடையை விடக் கூடாது, அப்போதும் கரு தங்கலாம். கருத்தடை மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அது வேலை செய்யாமலும் போகலாம்.

"எப்படிக் கண்டுபிடிக்கிறது? அவ ஒண்ணும் 'நான் குண்டு'ன்னு சொல்றதே இல்லையே."

சொல்லாமலும் இருக்கலாம். 1993இல் ஹாங்காங் மனநல மருத்துவர் சிங் லீ தன்னிடம் வந்த 70 அனோரெக்ஸியா நோயாளிகளைப் பற்றி எழுதினார். பாதிக்கும் மேற்பட்டவர்கள் எடை கூடும் பயத்தைப் பற்றிப் பேசவே இல்லை. வயிறு உப்புசம், பசி இல்லை என்றுதான் சொன்னார்கள். நம் பெண்கள் சொல்வதும் பெரும்பாலும் அதுதான். "கேஸ்", "நெஞ்சு கரிக்குது", "இன்னைக்கு விரதம்". வெள்ளி விரதம் செவ்வாய்க்கும், செவ்வாயிலிருந்து சஷ்டிக்கும் நீண்டால் சாமியைக் குறை சொல்ல வேண்டாம், ஆனால் கவனிக்கலாம். 1998இல் சென்னை மனநல மருத்துவர்கள் மருத்துவ மாணவர்களிடையே செய்த ஆய்வில், மேலைநாட்டு நோய்க்கட்டத்துக்குள் முழுதாக அடங்காத ஒரு வகை 'உண்ணுதல் துயரத்தை' விவரித்தார்கள். பாடப் புத்தக அறிகுறி எல்லாம் இருந்தால்தான் நோய் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டில் தெரிபவை: சாப்பிட்டதும் குளியலறைக்குப் போவது, அங்கே குழாயைத் திறந்து விடுவது. எல்லாருக்கும் ஆசையாகச் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் "அப்புறம் சாப்பிடுறேன்" என்பது. பிஸ்கெட் உறை தலையணைக்கடியில் கிடைப்பது. விரல் முட்டியில் தழும்பு, தாடையோரம் வீக்கம், பல் கூச்சம். கோடையிலும் குளிர்வது. வெளியே சாப்பிடக் கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் இருக்கலாம். மூன்று நான்கு சேர்ந்து வந்தால் பேச வேண்டும்.

"என் மனைவிக்கு இருக்குன்னு தோணுது. என்னன்னு பேச்செடுக்கிறது?"

சாப்பாட்டு நேரத்தில் எடுக்காதீர்கள். அம்மா, அக்கா முன்னிலையிலும் வேண்டாம். நடக்கப் போகும்போதோ வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதோ பேசுங்கள். முகத்துக்கு நேரே பார்க்காத இடத்தில் இந்தப் பேச்சு சுலபமாக வரும்.

உடம்பைப் பற்றித் தொடங்காமல் நீங்கள் கண்டதைப் பற்றித் தொடங்குங்கள். "கொஞ்ச நாளா சாப்பிட்டதும் பாத்ரூம் போயி அழுதுட்டு வர்ற மாதிரி தெரியுது. எனக்குப் பயமா இருக்கும்மா" என்பது வேறு. "வாந்தி எடுக்கிறியா? உண்மையைச் சொல்லு" என்பது வேறு. முதலாவதற்கும் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்ற பதில்தான் வரும். வரட்டும். "சரி, விடுறேன். ஆனா எப்ப வேணா எங்கிட்ட சொல்லலாம்" என்று நிறுத்திவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். பல பெண்கள் மூன்றாவது, நான்காவது தடவையில்தான் வாய் திறப்பார்கள்.

"இப்பத்தான் முகம் தெளிவா இருக்கு, கொஞ்சம் சதை வெச்சிருக்கு" என்று பாராட்டாகக்கூடச் சொல்லாதீர்கள். மீண்டு வரும் பெண்ணுக்கு அது "குண்டாகிவிட்டாய்" என்றே கேட்கும். வாயில் ஊட்டிவிடுவது, தட்டைக் காலி பண்ணும்வரை காவல் நிற்பது, குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றுவது, இந்தப் போலீஸ் வேலையை நீங்களாக ஆரம்பித்தால் அவள் இன்னும் தந்திரமாக ஒளிப்பாள். கூட உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். வேறு கதை பேசுங்கள். உங்கள் தொப்பையைத் தட்டி "நானும் டயட் போகணும்" என்ற புலம்பலையும் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள்.

இன்னொன்று. எப்போதோ நீங்களே ஏதாவது சொல்லியிருந்தால் ஒத்துக்கொள்ளுங்கள். "அன்னைக்கு உங்க தங்கச்சி கல்யாணத்துல நான் அப்படிச் சொன்னது தப்பு." அவள் ஆண்டு, தேதி, அன்று கட்டியிருந்த புடவை நிறம் உட்பட நினைவில் வைத்திருப்பாள். நீங்கள் மறந்திருப்பீர்கள் என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருப்பாள்.

"எந்த டாக்டரைப் பார்க்கிறது? மருந்து இருக்கா?"

மனநல மருத்துவரும் பொது மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது. அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறும். முதல் சந்திப்பிலேயே ரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மயக்கம், நெஞ்சு படபடப்பு, நிற்க முடியாத பலவீனம் என்றால் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். மனநோய்களிலேயே உயிரிழப்பு மிக அதிகமானவற்றில் அனோரெக்ஸியாவும் ஒன்று. நாள்கணக்கில் பட்டினி கிடந்தவருக்கு வீட்டில் திடீரென்று வயிறு முட்ட ஊட்டுவதும் ஆபத்து. ரத்தத்தில் தாது உப்புகள் தலைகீழாகிவிடும், அதை மருத்துவக் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும்.

புலிமியாவுக்கும் பிஞ்ச் ஈட்டிங்குக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் சிபிடி முதல் தேர்வு. ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மாத்திரை புலிமியாவில் உதவும், மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும். இந்தப் பக்கத்தின் பேச்சுக்கு நெருங்கிய ஒரு சங்கதி: ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் குழு புலிமியாவுக்கான சிகிச்சைகளை ஒப்பிட்டது. ஒன்று சிபிடி. இன்னொன்றில் சாப்பாட்டையும் எடையையும் பற்றிப் பேசவே மாட்டார்கள், நோயாளியின் உறவுகளில் உள்ள முடிச்சுகளை மட்டும் அவிழ்ப்பார்கள். இரண்டாவது மெதுவாகத்தான் வேலை செய்தது. ஆனால் காலப்போக்கில் சிபிடியை எட்டிப் பிடித்தது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் சிந்தியா புலிக், டொனால்ட் பாகம் இருவரும் அனோரெக்ஸியாவுக்குக் கணவன் மனைவியைச் சேர்த்து உட்கார வைக்கும் சிகிச்சையை உருவாக்கினார்கள். கணவர் அங்கே நோயாளி அல்ல, காவலரும் அல்ல. சேர்ந்து சாப்பிடுவது, உடம்பைப் பற்றி எப்படிப் பேசுவது, நெருக்கத்தை எப்படி மீட்பது என்று இருவரும் கற்றுக்கொள்வார்கள்.

எங்கே தொடங்குவது என்று புரியவில்லை என்றால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற இந்திய அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926.

"எனக்கு முன்ன இருந்துச்சு. இப்ப வரன் பார்க்கிறாங்க. சொல்லணுமா?"

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. தரகரிடமும் மாப்பிள்ளையின் அத்தையிடமும் சொல்ல வேண்டியதில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவரிடம், நிச்சயத்துக்கு முன், தனியாக, நீங்களே சொல்லுங்கள். வீட்டார் வழியாகப் போனால் அது "பொண்ணுக்கு ஏதோ மன வியாதியாம்" என்று மாறிப்போகும்.

நீளமாகச் சொல்ல வேண்டாம். "சில வருஷம் முன்னாடி எனக்குச் சாப்பாட்டோட ஒரு போராட்டம் இருந்துச்சு. சிகிச்சை எடுத்தேன், இப்ப நல்லா இருக்கேன். என் உடம்பைப் பத்தி, எடையைப் பத்தி யாராவது பேசினா எனக்குச் சிரமமாகும்." அவ்வளவு போதும். பிறகு அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். "அப்படியா, என்ன ஆச்சு, சொல்லத் தோணினா சொல்லு" என்றால் மேலே பேசலாம். "அட, அதெல்லாம் விடு, நீ ஒல்லியாத்தானே இருக்க" என்றால் இன்னொரு தடவை விளக்கிப் பாருங்கள், புரியாமல் சொல்லியிருக்கலாம். "சரி, ஆனா கல்யாணத்துக்கப்புறம் வெயிட் போட்டுட மாட்டியே?" என்று கேட்டால், தேதி குறிக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.